பிக்கப்பின் பின்னால் பெட்டி: இலக்கம், அனுமதி, பிரேக், காப்புறுதி

வன்னியில் பிக்கப் வைத்திருப்பவர்களில் பலர் பின்னால் கொழுவும் பெட்டியை (ட்ரெயிலரை) கலப்பை, தண்ணீர்ப் பம்பி போன்ற ஒரு தளபாடமாகவே எண்ணுகிறார்கள். இலங்கையின் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணில் அது தனியாகப் பதியப்பட்டு, தனக்கெனத் தனி இலக்கம் தாங்க வேண்டிய ஒரு வாகனம். சட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். மீதியெல்லாம் கந்தோர்களில் நடப்பவை.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் எனக்குத் தெரிந்த ஒருவர் நெல் மூட்டைகளோடு வந்துகொண்டிருந்தபோது மாடு குறுக்கே வந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். பிக்கப் நின்றது, பெட்டி நிற்கவில்லை. அது பின்னாலிருந்து தள்ளியதில் பிக்கப் வீதியை விட்டு இறங்கியது; ஓரமாகச் சைக்கிளில் வந்த பெரியவரின் கால் முறிந்தது. மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்த்துவிட்டு, பெட்டியின் பிரேக் இயங்கவில்லை என்று எழுதினார். காப்புறுதிக்காரர்கள் சான்றிதழில் பிக்கப்பின் இலக்கம் மட்டுமே உள்ளது என்றார்கள். பெட்டியின் புத்தகத்தை, அதாவது பதிவுச் சான்றிதழை, தேடி எடுத்தால், உரிமையாளர் என்று குருநாகலில் உள்ள, இவர் வாழ்நாளில் கண்டிராத ஒருவரின் பெயர் இருந்தது. வாங்கும்போது பிக்கப்பை ஒழுங்காகப் பெயர் மாற்றிக் கொடுத்த தரகர், பெட்டிக்கு ‘ஓப்பன் பேப்பர் இருக்குது, பிறகு செய்யலாம்’ என்று சொல்லியிருந்தார். அந்தப் ‘பிறகு’ ஏழு மாதம் நீண்டது.

ஆகவே பெட்டியோடு வாகனம் வாங்குபவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது, உரிமை மாற்றத்திற்கான எம்.ரீ.ஏ. 6, எம்.ரீ.ஏ. 8 படிவங்கள் இரண்டு சோடி இருக்கின்றனவா என்பதே: பிக்கப்பிற்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று. கைமாறிய 14 நாட்களுக்குள் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திற்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. ஓப்பன் பேப்பர், அதாவது பெயர் மாற்றாமல் கைமாறும் கடதாசி, விற்றவருக்கு வசதி, தரகருக்கு இலாபம், வாங்கியவருக்கு மட்டும் பொறி. பதிவிலுள்ளவர் இறந்திருந்தாலோ கனடாவில் இருந்தாலோ, அவருடைய கையொப்பத்திற்காக நீங்கள் அலையும் அலைச்சலை எந்தத் தரகரும் பங்குபோட வரமாட்டார். முற்பணம் கொடுப்பதற்கு முன்பே இரண்டு இலக்கங்களையும் கொடுத்துப் பதிவு விபரத்தைத் திணைக்களத்திடம் கேட்டுப் பாருங்கள். லீசிங் கம்பனியின் பெயர் முழு உரிமையாளர் என்று இன்னும் நிற்கிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

2009 இல் புதுக்குடியிருப்புக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் வாகனத்தோடு புத்தகத்தையும் விட்டுவிட்டு வந்தவர்களின் கதை வேறு. அவர்களில் சிலரிடம் பெட்டி மட்டும் திரும்பி வந்திருக்கிறது, ஆவணம் வரவில்லை. பதிவுச் சான்றிதழின் பிரதி பெறுவதற்குப் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி தேவை. பொலிஸ் நிலையத்தில், தொலைந்த இடத்தில் போய் முறையிடுங்கள் என்பார்கள். அங்கே போனால், இலக்கமும் அடிச்சட்ட (சேசிஸ்) இலக்கமும் இல்லாமல் முறைப்பாடு எழுத முடியாது என்பார்கள். அடிச்சட்ட இலக்கத்தை அறியக் கந்தோருக்குப் போனால், புத்தகம் எங்கே என்று கேட்பார்கள். இந்த வட்டத்தை உடைக்க எனக்குத் தெரிந்த வழி, பழைய வருமான அனுமதிப்பத்திரம், பழைய காப்புறுதிச் சான்றிதழ், லீசிங் கடிதம் என இலக்கம் எழுதப்பட்ட ஏதாவது ஒரு துண்டைத் தேடி எடுத்துக்கொண்டு முதல் நாளே போவதுதான். வெறுங்கையோடு போய் விளக்கம் சொல்பவரை ‘நாளைக்கு வாங்கோ’ என்று அனுப்புவது எளிது. கொழும்பு கிளிநொச்சியிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது என்பது அந்த ‘நாளைக்கு’ என்ற சொல்லுக்குத் தெரியாது.

வெல்டிங் கடையில் சொல்லிச் செய்விக்கும் பெட்டிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இரும்பும் அச்சும் சில்லும் நன்றாக இருக்கலாம். ஆனால் பதிவுக்குத் தேவையான ஆவணத்தை அந்தக் கடையால் தர முடியாவிட்டால், அது வீதியில் ஓடக்கூடிய பெட்டியாக ஒருபோதும் ஆகாது. வேலை தொடங்கும் முன்னரே இதைக் கேளுங்கள். ‘வயலுக்குள்ளதானே ஓடப்போறியள்’ என்று பதில் வந்தால், பணத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்புங்கள்.

அடுத்தது சாரதி அனுமதிப்பத்திரம். அட்டையின் பின்பக்கத்தைப் பலர் பெற்ற நாளிலிருந்து பார்த்ததே இல்லை. பி வகுப்பு, வெற்றுநிறை (சுமை ஏற்றாத நிறை) 250 கிலோகிராமுக்கு மேற்படாத பெட்டியை மட்டுமே இழுக்க இடம் தருகிறது. இங்கே ஓடும் இரட்டை அச்சுப் பெட்டிகளில் அந்த எல்லைக்குள் அடங்குவதை நான் கண்டதில்லை. உழவு இயந்திரத்தோடு பெட்டி இழுப்பவருக்கு ஜி வகுப்பும், லாண்ட்மாஸ்ரருக்கு (இரண்டு சில்லு உழவு இயந்திரத்திற்கு) ஜி1 வகுப்பும் திகதியோடு பதிந்திருக்க வேண்டும். பெட்டியின் வெற்றுநிறை அதன் பதிவுச் சான்றிதழில் இருக்கும். அந்த எண்ணையும் உங்கள் அட்டையையும் மேசையில் அருகருகே வைத்துப் பாருங்கள். பொருந்தாவிட்டால் அதை வீதியில் பொலிஸாரிடமிருந்து அறிவதை விட வீட்டில் அறிவது மலிவு.

இனிப் பிரேக். இறக்குமதிப் பெட்டிகள் சிலவற்றில் மின்பிரேக் உண்டு. ஓட்டுநர் இருக்கைக்கு அருகில் உள்ள கொன்ரோலர் அதற்கு மின்சாரம் அனுப்பும். கொன்ரோலரின் கைநெம்பை அமத்தினால் பெட்டி பிடிக்கிறது, காலால் மிதித்தால் பிடிக்கவில்லை என்றால், பெட்டியைக் கழற்றாதீர்கள்; பிரேக் மிதியின் ஸ்விச்சிலிருந்து கொன்ரோலருக்கு வரும் வயரைப் பாருங்கள். இரண்டிலுமே பிடிக்கவில்லை என்றால், பெரும்பாலும் குற்றவாளி கொன்ரோலர் அல்ல, பெட்டியின் பூமித்தொடர்பு வயர். முல்லைத்தீவுக் கரையில் மீன் ஏற்றும் பெட்டி ஒன்றில், அந்த வயர் பூட்டியிருந்த ஆணியை நான் சுரண்டிப் பார்த்தபோது, வர்ணத்தின் கீழே செப்பு பச்சையாகப் பொரிந்து, கை பட்டதும் உதிர்ந்தது. வெளியே பார்த்தால் அது புதிய வயர். பத்து அல்லது பன்னிரண்டு அங்குலப் பிரேக் டிரம்மிற்குள் உள்ள மின்காந்தம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று ஓம் தடை காட்ட வேண்டும். பிளக் வரை போகும் வயரில், இரண்டு பிரேக் உள்ள பெட்டி முழுப் பிடிப்பில் ஏறக்குறைய ஏழரை முதல் எட்டு அம்பியர் எடுக்கும், நான்கு உள்ளது பதினைந்து முதல் பதினாறு. பாதிதான் காட்டுகிறது என்றால் ஒரு பக்கம் செத்துவிட்டது என்று பொருள். பெட்டி கழன்றால் தானாகப் பிடிக்கும் அவசர ஊசியை, பிளக்கைக் கழற்றிய பின் இழுத்துப் பாருங்கள். பிளக் மாட்டியிருக்கும்போது இழுத்தால் சில கொன்ரோலர்கள் கருகிவிடும்.

உழவு இயந்திரக்காரருக்கு ஒரு சொல்: வீதிக்கு ஏறும்போது இடது வலது பிரேக் மிதிகள் இரண்டையும் கொக்கியால் இணைத்துவிடுங்கள். வயலுக்குள் பிரித்துப் பாவித்ததை மறந்து ஏ9 வீதியில் ஒன்றை மட்டும் மிதித்தால், பெட்டி ஒரு பக்கமும் இயந்திரம் மறுபக்கமும் போகும்.

இந்தச் சோதனையைச் செய்த கராஜில் திகதியிட்ட ரசீது வாங்கி வையுங்கள். பரிசோதகரின் ஒரு வரியை எதிர்த்து நிற்க உங்களிடம் இருக்கும் ஒரே காகிதம் அதுவாகத்தான் இருக்கும். காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது பெட்டியின் இலக்கம் சான்றிதழில் எழுதப்பட்டுள்ளதா என்று பாருங்கள். ‘வாகனத்தோடு சேர்ந்ததுதான்’ என்ற வாய்ச்சொல் விபத்தன்று யாருக்கும் நினைவிருக்காது.

விபத்து நடந்துவிட்டால், உங்கள் வாக்குமூலம் தமிழில் எழுதப்பட வேண்டும் என்று கேளுங்கள். அரசியலமைப்பின்படி வட மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி. நீங்கள் கேட்பது சலுகை அல்ல. நான் குறிப்பிட்டவர் தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட இரண்டு பக்கங்களின் கீழே கையொப்பமிட்டிருந்தார். அதில் ‘பிரேக் பழுது என்று எனக்குத் தெரியும்’ என்று எழுதியிருந்ததை அவர் நீதிமன்றத்தில்தான் முதன்முறையாகக் கேட்டார்.

ஏதாவது கந்தோர் உங்கள் கோவையைப் பற்றி வாய் திறக்காவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அங்குள்ள தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்பத்தை நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்காமல் கதவைத் தாண்டாதீர்கள். முத்திரை வைக்க அலுவலர் இல்லை என்றால், அதே விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் போட்டு, ரசீதைப் பெட்டியின் புத்தகத்தோடு கோவையில் குத்தி வையுங்கள்.