‘விசுவாசத் தற்காப்பு’ என்ற சொல் நமக்கு வேண்டாம்

போன மாதம் எங்கள் சபை வாசலில் ஒரு பிளக்ஸ் கட்டினார்கள். “படித்த வாலிபருக்கான விசுவாசத் தற்காப்புப் பயிற்சி” என்று பெரிய எழுத்தில் இருந்தது. பக்கத்துத் தெருப் பையன், பத்தாம் வகுப்பு படிக்கிறவன், சைக்கிளை நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டான்: “தாத்தா, இங்க அடிமுறையா சொல்லிக் குடுக்கப் போறாவ?” அவன் கேலியாகக் கேட்கவில்லை. ஆசான்மார் இன்றும் அடிமுறை என்ற சண்டைக் கலையும் வர்மமும் கற்றுத் தருகிற குமரி மாவட்டத்தில் தற்காப்பு என்றால் அதுதான் பொருள். அவன் சரியாகத்தான் வாசித்தான், தவறு எழுதியவரிடம் இருக்கிறது. விசுவாசத்தைப் பற்றிய கேள்விகளுக்கு நியாயம் காட்டிப் பதில் சொல்லும் துறையை ஆங்கிலத்தில் அப்பாலஜெட்டிக்ஸ் என்பார்கள், அதற்குத்தான் இப்படித் தமிழ் வைத்திருக்கிறார்கள். இந்தச் சொல்லைப் பிரசங்கத்திலும் கைப்பிரதியிலும் வாட்ஸ்அப் அழைப்பிலும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மூலச்சொல். அப்பாலஜெட்டிக்ஸ் என்பது கிரேக்க ‘அப்பொலொகியா’விலிருந்து வந்தது. லோகோஸ் என்றால் சொல், நியாயம். பழைய ஏதென்ஸ் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டுகிறவர் பேசுவது கட்டகொரியா. அதைக் கேட்டபின் எதிரே நிற்பவர் எழுந்து சொல்லும் பதில் அப்பொலொகியா. கி.மு. 399இல் சாக்ரடீஸ் பேசியது இதுதான். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் யுஸ்தின் என்ற தத்துவ அறிஞர், கிறிஸ்தவரான பின்னும் தத்துவ ஆசிரியரின் மேலங்கியைக் கழற்றாதவர், பேரரசர் அந்தோனினஸ் பியசுக்கு எழுதிய விண்ணப்பத்துக்கும் இதே பெயர். ஆங்கிலத்தில் ‘அப்பாலஜி’ வருத்தம் தெரிவிப்பதாக மாறியது வெகுகாலம் கழித்து. ஆகவே அப்பாலஜெட்டிக்ஸை ‘மன்னிப்பியல்’ என்பது பொருளற்ற பெயர்ப்பு. அதை இத்தோடு விட்டுவிடலாம்.

இந்தத் துறைக்கே அடிப்படை வசனம் 1 பேதுரு 3:15. நம் பழைய மொழிபெயர்ப்பு இப்படிச் சொல்கிறது: “உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்.” அப்பொலொகியாவுக்கு நம் முன்னோர் வைத்த தமிழ், ‘உத்தரவு’. இன்று இதை வாசிக்கிற பிள்ளைகள் ஆணை என்று எடுத்துக்கொள்கிறார்கள். கலெக்டர் உத்தரவு, கோர்ட் உத்தரவு போல, கேட்பவருக்கு நாம் கட்டளை போட வேண்டும் என்று ஒரு வாலிபர் கூட்டத்தில் விளக்கம் சொன்னதையே என் காதால் கேட்டேன். வசனம் நினைத்ததற்கு நேர் எதிரான பொருள்!

மொழிபெயர்த்தவர்கள் சொல் தெரியாமல் அதை வைக்கவில்லை. உத்தரம் என்றால் பதில், அதன் வழியில் வந்ததே உத்தரவு. வடமொழி வழக்கு நூல்களில் முறையிடுகிறவர் பூர்வவாதி, அவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் உத்தரவாதி. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த நமக்கு இது புரியாமல் போகக் கூடாது. மலையாளத்தில் இன்றும் உத்தரவாதி என்றால் பொறுப்பாளி, அதாவது கேட்டால் பதில் சொல்லியாக வேண்டியவன். பவுல் “நான் முதல்விசை உத்தரவுசொல்ல நிற்கையில்” என்று தீமோத்தேயுவுக்கு எழுதுவதும் நீதிமன்றத்தில் நின்ற நிலையைத்தான். கிரேக்கச் சொல்லின் நீதிமன்ற வாசனைகூடக் கெடாமல் தமிழில் வந்திருந்தது. சொல்லின் பொருள் நம் காலத்தில் நகர்ந்துவிட்டது, அவ்வளவே.

நகர்ந்துவிட்ட சொல்லுக்குப் பதில் வேறு சொல் தேடுவது நியாயம். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு, “விளக்கம் கேட்டால், விடை அளிக்க நீங்கள் எப்பொழுதும் ஆயத்தமாய் இருங்கள்” என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. உத்தரவு, விடை என்று இரண்டு மொழிபெயர்ப்பும் பதிலையே பேசுகின்றன. பிறகு இந்தத் தற்காப்பு எங்கிருந்து வந்தது? ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் ‘டிஃபென்ஸ்’ என்று இருந்ததை அகராதியில் தேடி, முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். வேதாகமம் கையில் இருக்கும்போது அகராதிக்கு ஏன் ஓட வேண்டும்?

சொல்லையே பிரித்துப் பாருங்கள். தன் + காப்பு. வள்ளுவர் “தற்காத்துத் தற்கொண்டாற் பேணி” என்றபோது தன்னைக் காப்பதையே சொன்னார். விசுவாசத் தற்காப்பு என்றால் இதில் ‘தன்’ யார்? விசுவாசம் தன்னைத் தானே காத்துக்கொள்கிறது என்றால் பேசுகிறவருக்கு அங்கே வேலை இல்லை. பேசுகிறவர் தன்னைக் காக்கிறார் என்றால் அது விசுவாசத்தைப் பற்றிய பேச்சே அல்ல. இலக்கணப்படியே சொல் நிற்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு போதகர் இதற்கு மறுப்புச் சொன்னார். மூலச்சொல் நீதிமன்றச் சொல் என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள், அங்கே பேசுவது தற்காப்புத்தானே என்றார். நல்ல கேள்வி. ஆனால் தமிழ் வழக்கறிஞர் அதை எதிர்வாதம் என்றுதான் சொல்வார். சட்டத் தமிழில் தற்காப்பு உரிமை என்பது வேறு, இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்த விஷயம். தாக்க வருகிறவனைத் திருப்பி அடிப்பதற்கான உரிமை அது. கேள்வி கேட்கிறவனை அந்த இடத்திலா வைப்பது?

இந்த மாவட்டத்தில் இன்னொரு காரணமும் உண்டு. 1982இல் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவக் கலவரத்தைக் கண்ட தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. மதத்தின் பெயரோடு காப்பு, படை, கோட்டை என்ற சொற்களைச் சேர்த்துச் சுவரில் எழுதும்போது அதை வாசிக்கிற பக்கத்து வீட்டுக்காரர் மனதில் என்ன ஓடும் என்று எழுதுகிறவர் யோசிக்க வேண்டும். பேதுரு அதே வசனத்தில் சாந்தத்தையும் வணக்கத்தையும் சேர்த்து வைத்திருக்கிறார். தற்காப்பு என்ற சொல்லோடு அந்த இரண்டும் ஒட்டவே ஒட்டாது.

கடவுளைக் காக்கப் புறப்பட்டவர்களின் கதி யோபுவின் புத்தகத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபுவிடம் அவருடைய மூன்று நண்பர்கள் கடவுளின் நீதியைக் காக்கப் பக்கம் பக்கமாகப் பேசினார்கள். கடைசியில் கர்த்தர், “என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை” என்று அவர்கள்மேல்தான் கோபப்பட்டார். கேள்வி கேட்டுக்கொண்டே இருந்த யோபுவின் பேச்சு அவருக்குப் பிடித்திருந்தது. நம் மண்ணில் இந்தக் கதைக்கு ஒரு வரலாறு உண்டு. 1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூரிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பின்னர் உதயகிரிக் கோட்டையில் மார்த்தாண்ட வர்மாவின் படையைப் பழக்கினார். நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, அரண்மனை அதிகாரி, படித்தவர், தம் வீட்டில் அடுத்தடுத்து வந்த இழப்புகளால் மனம் உடைந்து ஏன் இப்படி என்று கேட்டபோது, டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்தக் கேள்வியோடு தொடங்கியவர் 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம் பிள்ளை. டிலனாய் கோட்டை கட்டத் தெரிந்தவர்தான், ஆனாலும் நண்பரிடம் அவர் சொன்னது ஒரு மறுமொழி.

அந்தச் சொல்லைத்தான் நான் முன்வைக்கிறேன்: மறுமொழி. செயலுக்கு ‘விசுவாச மறுமொழி’, துறைக்கு ‘மறுமொழியியல்’. மாற்றுச் சமயக் கொள்கைகளோடு வாதிட்ட மரபு தமிழில் நெடியது, அதற்குச் சொற்களும் இருந்தன. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கையை மறுக்கும் பகுதி பரபக்கம், தன் கொள்கையை நிறுவும் பகுதி சுபக்கம். கடவுளை ஏற்காத உலோகாயதர் என்ன சொல்கிறார் என்று முதலில் எடுத்துச் சொல்லிவிட்டே அருணந்தி சிவாச்சாரியார் மறுக்கத் தொடங்குகிறார். இந்த ஒழுங்கு நம் மேடைகளில் இல்லை. நன்னூல் கேள்வியையே ஆறாகப் பிரிக்கிறது. அதில் அறிவினா வேறு, அறியா வினா வேறு, ஐய வினா வேறு. கல்லூரி ஆசிரியர் சோதிப்பதற்காகக் கேட்பது அறிவினா. இதுவோ அதுவோ என்று தவிப்பவர் கேட்பது ஐய வினா. இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொன்னால் இருவருமே எழுந்து போய்விடுவார்கள்.

என் அக்கா மகள் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறாள். ஒரு கூட்டத்தில் அவள், எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டுமென்றால் கடவுளுக்கும் காரணம் வேண்டுமே என்று கேட்டாள். பேச்சாளர் சந்தேகம் பிசாசின் கருவி என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து, “கேட்டது தப்பா மாமா?” என்றாள். “தப்பில்ல மக்கா, நாளைக்குச் சொல்லுகேன்” என்றேன். மறுநாள் சொன்னேன்: கடவுள் உண்டு என்பதற்குச் சொல்லும் அந்தக் காரண வாதம் எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும் என்று சொல்வதில்லை, தொடக்கம் உள்ளதற்குக் காரணம் வேண்டும் என்கிறது, கடவுளுக்குத் தொடக்கம் இருப்பதாக யாரும் சொல்லவில்லை. உடனே அவள், அப்படியானால் பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டு என்பதை எப்படி நிறுவுவீர்கள் என்றாள். எங்கள் பேச்சு இன்னும் முடியவில்லை.

மறுமொழி மிகச் சாதாரணச் சொல், இணையத்தில் கருத்துப் பெட்டிக்குக்கூட எழுதுகிறார்களே என்று சிலர் சொல்கிறார்கள். சாதாரணமாக இருப்பதுதான் அதன் நன்மை. அந்த சைக்கிள் பையனுக்கும் புரியும். ‘மாறுத்தரம்’ என்று 1 கொரிந்தியர் 9:3இல் இருக்கிற சொல்லும் எனக்குப் பிடிக்கும், ஆனால் அதற்கும் அகராதி வேண்டியிருக்கும்.

இந்தக் குழப்பம் ஒரு சொல்லோடு நிற்கவில்லை. எதிரே இருப்பவருக்கு நம்மவர் வைத்திருக்கும் ஒரே பெயர் ‘அவிசுவாசி’. கடவுள் இல்லை என்று முடிவு செய்தவர், உண்டா இல்லையா என்று தெரியாதவர், அத்வைதி, பகுத்தறிவு இயக்கத்தார், எல்லோரும் அதற்குள் அடக்கம். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்திலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் இது. இங்கே ஒருவரை அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்காமலே அழைக்க நமக்கு உரிமை இல்லை. சிலர் ‘சந்தேகவாதி’ என்கிறார்கள். நம் பேச்சில் சந்தேகம் போலீஸ்காரருக்கும் கணவன் மனைவிக்கும் உரிய சொல்லாகிவிட்டது. ஐயுறவாளர் என்று சொல்லலாம். திருவிதாங்கோட்டு அரப்பள்ளி தேவாலயத்தைக் கட்டியவர் என்று மரபு சொல்லும் சீடர் தோமா, உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்றவர். அவரை யாரும் அவிசுவாசி என்று வெளியே அனுப்பவில்லை, எட்டு நாள் கழித்து அவர் கேட்டதே அவருக்குக் காட்டப்பட்டது.

பெஸ்து என்ற ரோம ஆளுநர் பவுலைப் பார்த்து, “அதிக கல்வி உனக்குப் பயித்தியமுண்டாக்குகிறது” என்று சத்தம் போட்டபோது, பவுல் அவரைக் “கனம்பொருந்திய பெஸ்துவே” என்று அழைத்துத்தான் மேலே பேசினார். அத்தேனேயில், அதாவது ஏதென்ஸில், தன்னை வாயாடி என்றவர்களுக்கு அவர்களுடைய புலவரின் வரியையே எடுத்துச் சொன்னார். இவை இரண்டையும் இந்தச் சொல்லை ஒட்டியவர்கள் ஒருமுறை வாசித்திருந்தால் தற்காப்பு என்று எழுதக் கை வந்திருக்காது.

எங்கள் ஆயரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். டிசம்பர் விடுமுறையில் அடுத்த முகாம் இருக்கிறதாம். பிளக்ஸ் அடிக்கக் கொடுக்கும் முன் வாசகத்தை என்னிடம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.