விண்வெளியில் புவியீர்ப்பு இல்லை என்று தயவுசெய்து எழுதாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது பிரதி. அறிவியல் புனைகதைகளை அச்சுக்கு முன் எடிட் செய்து கொடுப்பது என் வேலை. மூன்றிலுமே ராக்கெட் கிளம்பிய பத்தாவது நிமிடத்தில் "புவியீர்ப்பு எல்லையைத் தாண்டியதும் எல்லோரும் மிதந்தார்கள்" என்று வருகிறது. அப்படி ஓர் எல்லை கிடையாது! நிலா 3,84,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அதைப் பிடித்து வைத்திருப்பது எது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அந்த வரியே வந்திருக்காது.

சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகிறது, சாலை வழியே சென்னையிலிருந்து மதுரை இதைவிடத் தூரம். அங்கே ஈர்ப்பு தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 90 சதவீதம். அப்புறம் ஏன் மிதக்கிறார்கள்? விழுந்துகொண்டே இருப்பதால். கயிறு அறுந்து கிணற்றுக்குள் விழும் வாளியில் ஒரு கல் கிடந்தால், விழுகிற நேரம் முழுக்க அது வாளியின் அடியை அழுத்தாது, இரண்டும் சேர்ந்தே விழுகின்றன. நிலையமும் அதிலிருப்பவரும் அவர் கையிலிருக்கும் பேனாவும் அப்படித்தான். நொடிக்குச் சுமார் 7.7 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடுவதால், விழ விழ பூமியும் வளைந்து விலகுகிறது, தரை வந்து சேர்வதே இல்லை. (செய்திகளில் வரும் 'ஈர்ப்பு மண்டலத்தைத் தாண்டியது' என்பது கணக்கு வசதிக்காக வைத்துக்கொண்ட ஒரு தொலைவு, சுமார் 9 லட்சம் கிலோமீட்டர். அங்கேயும் ஈர்ப்பு அறுந்துபோவதில்லை.)

இது புரிந்துவிட்டால் மற்ற பிழைகள் பாதி தானாகவே போய்விடும். இன்ஜின் எரிந்துகொண்டிருக்கும்போது யாரையும் மிதக்க விடாதீர்கள், அவர்கள் இருக்கையில் அழுந்திக் கிடப்பார்கள். எரிபொருள் தீர்ந்ததும் கப்பலை நடுவழியில் நிறுத்தாதீர்கள், அது போய்க்கொண்டேதான் இருக்கும்.

செவ்வாய்க்கு நினைத்த நாளில் கிளம்ப முடியாது. எரிபொருள் குறைவாகச் செலவாகும் வாய்ப்பு 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். மங்கள்யான் 2013 நவம்பர் 5 அன்று கிளம்பி 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்தது. அந்த வாய்ப்பைத் தவறவிட்டிருந்தால் 2016 வரை காத்திருந்திருக்க வேண்டும். ஆகவே முதல் அத்தியாயம் எழுதும் முன்பே ஒரு தாளில் தேதி, தூரம், வேகம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அரை நாள் வேலை, அதைச் செய்யாமல் பிரதியை அனுப்பாதீர்கள்.

அப்புறம், செவ்வாயில் இருப்பவரும் பூமியில் இருப்பவரும் உடனுக்குடன் பேசிக்கொள்ளும் அந்தத் தொலைபேசிக் காட்சி. செவ்வாயிலிருந்து பூமிக்கு ஒரு சொல் வந்து சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும், பதில் திரும்பிவர இன்னொரு அவ்வளவு நேரம். மகள் "அம்மா, எப்படியிருக்க?" என்று கேட்டுவிட்டு முக்கால் மணி நேரம் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கட்டும். அந்த முக்கால் மணி நேரத்தை எழுதுங்கள், வெட்டாமல் வைத்துக்கொள்கிறேன்.