மகளிடம் சொல்லாத வருத்தம்: பெற்றோரைக் கப்பல் பயணம் கூட்டிப்போகிறவர்களுக்கு

சென்ற வருடம் மே மாதத்தில் ஓர் ஐயாவும் அம்மாவும் ஹட்டனில் உள்ள என் டிஸ்பென்சரிக்கு வந்தார்கள். ஐயா ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர், வயது 71. அம்மாவுக்கு 66, நீரிழிவு, காலையும் மாலையும் இன்சுலின். மகள் வன்கூவரில் இருக்கிறார். மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள் என்று எல்லோருமாக வன்கூவரிலிருந்து அலாஸ்காவுக்கு ஏழு இரவுக் கப்பல் பயணம் போகிறார்கள். குடும்பத்தில் யாரும் அதுவரை கப்பல் ஏறியதில்லை. அவர்கள் சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன்.

"எங்களுக்குக் கப்பலுன்னாலே தலைமன்னார்தான் டொக்டர்" என்றார் அம்மா. மலையகத் தமிழரில் பல இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவான 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, எழுபதுகளில் அவருடைய அக்கா குடும்பம் ஹட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் போனது. கப்பலை அம்மா பார்க்கவில்லை. ஸ்டேசனில் அழுததுதான் ஞாபகம். இந்த மலையில் வயதானவர்கள் பலருக்குக் கப்பல் என்ற சொல்லோடு இப்படி ஒரு நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உல்லாசமாக ஒரு கப்பலில் ஏறிப் போவது அவர்களுக்குப் பெரிய விஷயம். அது நல்லபடியாக நடக்க வேண்டும் என்று எனக்கும் ஆசையாக இருந்தது.

அவர்கள் கேட்டது இரண்டே கேள்வி: வாந்தி வருமா, குளிர் தாங்குமா?

கினிகத்தேனை வளைவுகளில் பஸ்ஸில் தோடம்பழத் தோலை மோந்துகொண்டே கொழும்பு போய் வந்தவர்களுக்கு வாந்திப் பயம் இருப்பது இயல்புதான். உள்காது "ஆடுகிறோம்" என்கிறது, கண் "அசையவில்லை" என்கிறது. இரண்டும் ஒத்துவராதபோது குமட்டுகிறது. அலாஸ்கா வழியில் பெரும்பகுதி தீவுகளுக்கும் கரைக்கும் நடுவே ஓடும் அடங்கிய நீர். குவீன் ஷார்லட் சவுண்ட் போன்ற சில இடங்களில்தான் திறந்த கடலின் அலை வந்து மோதும். கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தட்டு அறை எடுங்கள், குமட்டினால் வெளியே வந்து தொடுவானத்தைப் பாருங்கள், இஞ்சிப் பிளேன்டீ குடியுங்கள் என்றேன். குளிரும் அப்படித்தான். கோடையில் அலாஸ்காவின் ஜூனோ நகரக் குளிர் நுவரெலியாக் குளிரைவிடப் பெரிதாக வேறுபடாது; அங்குள்ள கெச்சிகன் துறைமுக நகரின் மழை நம் வட்டவளைக்காரர்களுக்குப் புதிதில்லை. மேல்தட்டுக் காற்றுதான் வேறு. காது மூடும் தொப்பியும் காற்று புகாத மேற்சட்டையும் போதும்.

எல்லாம் சொன்னேன். ஐயாவிடம் ஒன்றை மட்டும் கேட்கவில்லை. அவர் அன்று அம்மாவுக்குத் துணையாக வந்தவர். அவருடைய கிளினிக் கொப்பி வீட்டில் இருந்தது. வேறொரு கிளினிக்கில் புரோஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) வீக்கத்துக்கு அவர் மருந்து எடுப்பது எனக்குத் தெரியாது. மகளுக்கும் தெரியாது.

கப்பல் புறப்பட்ட முதல் இரவு கொஞ்சம் ஆடியிருக்கிறது. மகள், பாவம், பாசத்தோடு எல்லோருக்கும் வாந்திக் குளிசை கொடுத்திருக்கிறார். கனடாவில் மருந்துச்சீட்டு இல்லாமலே கடையில் வாங்கக்கூடிய டைமென்ஹைட்ரினேட். ஐயா அன்றிரவு ஒன்று, மறுநாள் காலை ஒன்று, பகலில் இன்னொன்று போட்டார். மூன்றாம் நாள் கெச்சிகனில் இறங்கி, தூறலில் மரத்தூண் சிற்பங்களைப் பார்த்து நடந்தபோது காலையிலிருந்து அவருக்குச் சொட்டுச் சிறுநீர் இறங்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. இராத்திரி அடிவயிறு கல்லாகி, வியர்த்துக் கொட்டி, கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்துத்தான் அம்மா மகளின் அறைக் கதவைத் தட்டினார். கப்பல் மருத்துவர் குழாய் போட்டபோது ஒரு லீட்டருக்குக் கிட்ட வெளியேறியதாகக் குறிப்பில் இருந்தது. கப்பல் அப்போது ஜூனோவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

இதில் கப்பலின் குற்றம் ஏதுமில்லை. அந்தக் குளிசை குமட்டலை அடக்கும்போதே, சிறுநீர்ப்பை சுருங்குவதற்கு வேண்டிய நரம்புச் சைகையையும் தடுக்கிறது. புரோஸ்டேட் வீங்கி ஏற்கெனவே வழி குறுகியவருக்கு, தள்ளும் பலமும் போனால் முழு அடைப்புதான். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஹையோசின் பட்டையும் இதே வேலையைச் செய்யும். குறுகிய கோணக் கண் அழுத்த நோய் (கிளோக்கோமா) உள்ளவர்களுக்கு இந்த மருந்துகள் கண்ணைப் பாதிக்கலாம். மறதி தொடங்கிய முதியவர்களுக்கு இதனால் ஒரே இரவில் புத்தி தடுமாறலாம். அறுபதைத் தாண்டிய யாருக்கும், அவருடைய மருந்துகளை முழுதாகப் பார்க்காமல் நான் இப்போது இதை எழுதிக் கொடுப்பதில்லை.

திரும்பி வந்தபின் ஐயாவிடம் தனியாகக் கேட்டேன், ஏன் மகளிடம் சொல்லவில்லை என்று. தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "பொம்பளப் புள்ளைக்கிட்ட இதையெல்லாம் எப்படி டொக்டர் சொல்றது?"

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நம் அப்பாமார் பிரஷர் என்றால் சொல்வார்கள், சீனி என்றால் சொல்வார்கள். சிறுநீர், மலம், மார்பகம், கர்ப்பப்பை என்றால் வாய் திறப்பதில்லை. பிள்ளைகளும் கேட்பதில்லை. மகள் தன் பங்குக்கு ஒன்றும் குறை வைக்கவில்லை. பயணக் காப்புறுதி கூட எடுத்திருந்தார். ஆனால் அந்தப் படிவத்தில், முன்பே இருக்கும் நோய்கள் என்ற இடத்தில் புரோஸ்டேட் இல்லை. தெரியாததை எப்படி எழுதுவார்? கப்பல் மருத்துவ அறையின் செலவு டொலரில் அறைக் கணக்கில் ஏறியது, காப்புறுதி மறுத்தது. கப்பலில் மருத்துவரும் தாதியரும் இருப்பார்கள், விசேட நிபுணர் இருக்க மாட்டார். ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து தரைவழிப் பாதையே கிடையாது. விமானம் அல்லது கப்பல்தான். நோயாளியை லொறியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடிய தோட்டத்துக் காலம் ஐயாவுக்கு நன்றாகத் தெரியும். அங்கே அந்த லொறி ஹெலிகொப்டராக வர வேண்டியிருக்கும்.

அம்மாவின் கதை வேறு. அவர் முப்பது வருடமாக விளக்கு வைக்கும் நேரத்தில் மாலை ஊசி போட்டுப் பழகியவர். அங்கே ஜூன் மாதத்தில் விடியற்காலை நாலு மணிக்கே வெளிச்சம் வந்து, இரவு பத்து மணிக்குத்தான் பொழுது சாய்கிறது. "பொழுது சாயட்டும்" என்று காத்திருந்து, முதல் நாள் ஒன்பதரைக்கு ஊசி போட்டிருக்கிறார். பேத்திதான் கண்டுபிடித்து போனில் அலாரம் வைத்தாள். கோடையில் வன்கூவர் நம் நேரத்துக்குப் பன்னிரண்டரை மணித்தியாலம் பின்னால். அலாஸ்காவில் இன்னும் ஒரு மணித்தியாலம். அதாவது நம் காலை அங்கே இரவு. இன்சுலின் போடுபவர்கள் விமானம் ஏறும் முன்னரே, எந்த வேளை எத்தனை யூனிட் என்று அந்த நாட்டு நேரப்படி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள். விமானத்தின் அடியில் போகும் பெட்டியிலும், குளிரூட்டியின் ஐஸ் தட்டை ஒட்டியும் வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் வீண். கரையில் இறங்கி நடக்கும் நாட்களில் சாப்பாடு தள்ளிப்போகும், சட்டைப் பையில் நாலு டொபி இருக்கட்டும்.

குளிசைகளும் அப்படியே, கைப்பையில்தான். துறைமுகத்தில் நம்மிடமிருந்து வாங்கிக்கொள்ளும் பெரிய பெட்டிகள் அறைக்கு வந்து சேரப் பல மணித்தியாலம் ஆகலாம். கிளினிக்கில் தரும் காகித உறைகளில் மருந்தைக் கொண்டுபோகாதீர்கள். மருந்தின் பெயர் அச்சிட்ட அட்டையோடு, ஆங்கிலத்தில் ஒரு மருந்துச்சீட்டும் வேண்டும்.

வயிற்றோட்டம் பற்றி ஒரு வார்த்தை. கப்பல்களில் பரவும் நோரோ வைரஸுக்கு வாசலில் வைத்திருக்கும் அல்ககோல் ஜெல் சரிப்படாது. சவர்க்காரமும் தண்ணீரும்தான். ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) பக்கெட் எடுத்துப் போங்கள். சீனிக்கு மெட்போர்மின், பிரஷருக்கு லொசார்டன் எடுப்பவர்கள் கடும் வயிற்றோட்டத்தில் அதை நிறுத்த வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள், சிறுநீரகத்துக்கு நல்லது. அப்புறம் விசா. வன்கூவரில் ஏறினாலும் அலாஸ்கா அமெரிக்கா. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இரண்டு நாட்டு விசாவும் தேவை.

ஐயா குழாயோடு கப்பலிலேயே இருந்தார். கிளேசியர் பே என்ற பனியாற்று விரிகுடாவின் உள்ளே போன அன்று மேல்தட்டுக்கு வரவில்லை. அறை ஜன்னலில் பார்த்தார். பனிச்சுவர் உடைந்து கடலில் விழும் சத்தம், தோட்டத்தில் பாறைக்கு வெடி வைத்தது போல இருந்ததாம். அம்மா தமிழ்நாட்டிலிருக்கும் அக்காவுக்கு அந்த வீடியோவை அனுப்பியிருக்கிறார்.

இந்த வருடமும் இரண்டு குடும்பங்கள் போகின்றன. அவர்களிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். புறப்படுவதற்கு ஆறு வாரம் இருக்கும்போதே வாருங்கள். வீட்டில் மருந்து போட்டு வைக்கும் பிஸ்கட் தகரத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வாருங்கள், எல்லாக் கிளினிக் கொப்பிகளோடும். அப்பாவும் அம்மாவும் தனித்தனியாக என்னிடம் பேச ஆளுக்குப் பத்து நிமிடம் தருகிறேன். மகளிடம் எதைச் சொல்லலாம் என்று அவர்களிடமே கேட்டு, அதை நானே சொல்லிவிடுகிறேன்.