மழைக்குப் பயப்படுகிறோம், மண்ணை மறந்துவிடுகிறோம்

ஒக்டோபர் பிறந்துவிட்டால், எங்கள் மிருக வைத்தியக் கிளினிக்குக்கு நாயோடு வரும் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து நான் அதிகம் கேட்கும் வசனம் இது: "டொக்டர், மழையில நனைஞ்சு இவனுக்குத் தடிமன் பிடிச்சிட்டுது."

கொரோனா முடக்கத்தின்போது பிள்ளைகளின் கரைச்சல் தாங்காமல் முதன்முதலாக நாய் வாங்கிய வீடுகள் லண்டனைச் சுற்றி நிறைய இருக்கின்றன. ஊரில் நாய் முற்றத்தில் கிடக்கும், மழை வந்தால் விறாந்தையில் ஏறிப் படுக்கும். அதை நடக்கக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று யாரும் நினைத்ததில்லை. இங்கே காலையும் மாலையும் போகவேண்டும், சனி ஞாயிறு என்றால் காட்டுப் பக்கமும் போகவேண்டும். இலையுதிர் காலத்தில் அந்த நடை முழுக்கச் சேற்றில்தான். அம்மம்மாவிலிருந்து எல்லோருக்கும் பயம் மழையின் மேல்.

நனைவதால் நாய்க்குத் தடிமன் வராது. சிவாவா, விப்பெட் போன்ற மெல்லிய மயிர்க்காரர்களுக்கும் மூட்டுவாதம் வந்த கிழடுகளுக்கும் மழைக்கோட்டு போடுங்கள். மற்றவற்றுக்கு ஒரு பழைய துவாய் போதும். எனக்குக் கவலை தருவது ஈர நிலத்தில் ஊர்வதும் அழுகுவதும் தேங்கி நிற்பதும்தான்.

அந்த "தடிமன்" இருமலையே எடுத்துக்கொள்வோம். நாய்க்கு நாய் தொற்றும் கெனல் கொஃப் என்றால் பெரும்பாலும் தானாக மாறிவிடும். ஆனால் இந்தக் காலத்தில் இருமும் நாயைக் கண்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நுரையீரல் புழு. மழைக்கு நத்தைகளும் ஓடில்லாத ஸ்லக்குகளும் வெளியே வருகின்றன. அவற்றின் உடலில் இந்தப் புழுவின் குஞ்சுகள் இருக்கும். நாய் நத்தையைத் தேடித் தின்னவேண்டும் என்றில்லை. புல் மேயும்போதும், இரவு முழுக்கப் பின்வளவில் கிடந்த பந்தைக் கவ்வும்போதும், வெளியே வைத்த தண்ணீர்க் கோப்பையில் குடிக்கும்போதும் சின்ன ஸ்லக் ஒன்று உள்ளே போய்விடலாம். வளர்ந்த புழு இதயத்தின் வலப்பக்கத்திலும் நுரையீரலுக்குப் போகும் இரத்தக் குழாய்களிலும் குடியிருக்கும். இருமலும் களைப்பும் எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது இரத்தம் உறையாமல் போவது. மூக்கால் இரத்தம் வரும், கண் வெள்ளையில் சிவப்புத் திட்டு தெரியும், சின்னக் கீறல்கூட நிற்காமல் கசியும். ஒரு காலத்தில் தென் வேல்ஸ், கோர்ன்வால் பக்கத்து நோய் என்றே இதைச் சொன்னார்கள். இன்று ஸ்கொட்லாந்து வரை போய்விட்டது. இலண்டன் தெருக்களில் திரியும் நரிகளிலும் இருக்கிறது. சுப்பர்மார்க்கெட்டில் வாங்கும் புழுக் குளிசை இதைத் தடுக்காது. மிருக வைத்தியர் எழுதித் தரும் மாதாந்த மருந்துதான் வேண்டும். நாயின் நிறைக்கேற்ற அளவு என்பதால் நாயையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

தடிமன் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டால் அடுத்து வைத்தியமும் வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. மூக்கடைப்புக்கு மார்பில் பூசும் தைலத்தை நாய்க்குப் பூசாதீர்கள். அது நக்கிவிடும், அதிலுள்ள கற்பூரம் நாய்க்கு நஞ்சு. மனிதருக்குக் கொடுக்கும் அளவில் பனடோல் கொடுத்தால் ஈரல் கெடும். ஐபுபுரோபன் அதைவிட மோசம், வயிற்றில் புண் வைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

சேற்றுக்கு வருவோம். அலபாமா ரொட் என்ற பெயரைக் கேள்விப்பட்டு நடுங்கிப்போய் தொலைபேசியில் அழைப்பவர்கள் ஒவ்வொரு மாரியிலும் இருக்கிறார்கள். 1980களில் அமெரிக்காவின் அலபாமாவில் கிரேஹவுண்ட் நாய்களில் கண்ட நோய் அது. பிரித்தானியாவில் 2012 கடைசியிலிருந்து அடையாளம் காணப்பட்டு வருகிறது, முதலில் நியூ ஃபொரஸ்ட் பக்கம். பாதத்திலோ முழங்காலுக்குக் கீழேயோ ஒரு புண் வரும். சில சமயம் வாயில், வயிற்றில். சில நாட்களில் சிறுநீரகம் செயலிழக்கும், அந்தக் கட்டத்துக்குப் போனவற்றில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. காரணம் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. நவம்பர் முதல் மே வரையான மாதங்களில்தான் அநேகமாக எல்லாமே நடந்திருக்கின்றன, காட்டுப் பாதைகளோடு தொடர்பும் தெரிகிறது. ஆனால் ஒன்றைச் சேர்த்தே சொல்லவேண்டும்: இத்தனை வருடங்களில் உறுதிப்படுத்தப்பட்டவை சில நூறு மட்டுமே. இந்த நாட்டில் நாய்கள் ஒரு கோடிக்கு மேல். இதற்காகக் காட்டுக்குப் போகாமல் இருக்கச் சொல்லமாட்டேன். கழுவச் சொல்வேன்.

கழுவுவது என்றால் ஷம்பூ போட்டு முழுக்காட்டுவது அல்ல. தினமும் ஷம்பூ போட்டால் தோல் வறண்டு அதுவே வேறொரு நோய். வாசலில் ஒரு வாளி இளஞ்சூட்டுத் தண்ணீர், நான்கு கால், அடிவயிறு. விரல் இடுக்குகளை விரித்துத் துடையுங்கள். ஈரம் அங்கே நின்றால் நாய் நக்கிக்கொண்டே இருக்கும், இரண்டு கிழமையில் செம்மஞ்சளாகி, வீங்கி, நாற்றமெடுக்கும். கொக்கர் ஸ்பானியல் போன்ற தொங்குகாதுக்காரர்களுக்குக் காதின் உட்புறத்தையும் உலர்த்துங்கள். இதைச் செய்யும்போதே கையால் தடவிப் பார்த்துவிடலாம்: உண்ணி இருக்கிறதா, முள் குத்தியிருக்கிறதா, நேற்றில்லாத புண் ஏதும் இருக்கிறதா. உண்ணியை எண்ணெய் ஊற்றியோ நெருப்புக் காட்டியோ எடுக்க வேண்டாம். அதற்கென்று சின்னக் கொளுக்கி கடையில் விற்கிறது, சுழற்றினால் முழுதாகக் கழன்று வரும்.

புண்ணைக் கண்டால் மஞ்சள் பூசுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மஞ்சள் பூசிய புண்ணின் நிறமும் விளிம்பும் எனக்குத் தெரிவதில்லை. அலபாமா ரொட்டா, வெறும் கீறலா என்று பிரித்தறிய அந்த நிறந்தான் தேவை. பூசாமல் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

தேங்கிய தண்ணீர் இன்னொரு விடயம். எலிக்காய்ச்சல் என்றால் எங்கள் ஆட்களுக்கு விளக்கவேண்டியதில்லை. வயலில் இறங்குபவர்களுக்கு வரும் என்று ஊரில் தெரியாதவர் இல்லை. அதே கிருமி இங்கே கால்வாய்க் கரையிலும் குட்டைகளிலும் எலிச் சிறுநீர் வழியாக இருக்கிறது. காய்ச்சல், வாந்தி, கண் மஞ்சளாதல், பிறகு ஈரலும் சிறுநீரகமும். நாயிலிருந்து மனிதருக்கும் தொற்றும் என்பதால், சந்தேகம் இருந்தால் அதன் சிறுநீரைக் கையுறை போட்டே துடையுங்கள். இதற்கான தடுப்பூசி வருடா வருடம் போடவேண்டியது. "குட்டியில போட்டதுதானே" என்பது பிழையான கணக்கு. மற்றச் சில ஊசிகள் மூன்று வருடம் தாங்கும், இது தாங்காது.

செப்டெம்பர் முதல் நவம்பர் வரை நோஃபொக், சஃபொக், நொட்டிங்ஹம்ஷயர் காடுகளுக்குப் போய்வந்த நாய் மூன்று நாளுக்குள் வாந்தி, வயிற்றோட்டம், அசதி என்று விழுந்தால் எங்கே போனீர்கள் என்பதைச் சொல்லுங்கள். சாண்ட்றிங்ஹம், தெட்ஃபோர்ட், ஷெர்வூட் பக்கங்களில் பருவகால நோய் ஒன்று 2009, 2010 அளவிலிருந்து பேசப்படுகிறது. அதன் காரணமும் பிடிபடவில்லை. விரல் இடுக்கில் செம்மஞ்சள் பொடி போல ஒட்டும் அறுவடைச் சிலந்திப் பூச்சியோடு தொடர்பிருக்கலாம் என்ற சந்தேகம் மட்டும் உண்டு. நேரத்தோடு வந்தவை பெரும்பாலும் தேறிவிடுகின்றன.

பிள்ளைகள் பொறுக்கும், குதிரைக் கஷ்கொட்டை மரத்திலிருந்து விழும் கொங்கர் காய்களை நாய்க்கு எறிந்து விளையாடவேண்டாம். அது நஞ்சு, விழுங்கினால் குடலிலும் அடைக்கும். காளான் இன்னும் பயங்கரம். டெத் கப் என்ற வெளிறிய பச்சைக் காளானைத் தின்ற நாய் பல மணி நேரம் சும்மா இருக்கும், பிறகு வாந்தியெடுக்கும், பிறகு தேறியது போல் வாலாட்டும். ஈரல் செத்துக்கொண்டிருப்பது அந்தத் தேறிய நாளில்தான். தின்றதைக் கண்டீர்களென்றால் காத்திருக்காமல், மிச்சத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தியெடுக்க வைக்காதீர்கள். உப்பே நாயைக் கொன்றுவிடும்.

நாட்டுப்புறப் பாதைகள் பல பண்ணைக்குள்ளால் போகின்றன. மாட்டோடு வளர்ந்தவர்கள் நாங்கள் என்ற துணிச்சல் இங்கே உதவாது. கன்றுகளோடு நிற்கும் பசுக்கள் நாயைக் கண்டால் கலைத்துக்கொண்டு வரும். வந்தால் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் உங்களைவிட வேகமாக ஓடித் தப்பும், நீங்கள் தூக்கி வைத்திருந்தால் மிதிபடுவது நீங்கள். ஆடுகள் நிற்கும் வயலில் மாறாக, கயிறு கையில் இருக்கவேண்டும். ஆட்டைத் துரத்துவது 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வேறு வழியில்லை என்ற நிலையில் விவசாயி நாயைச் சுடவும் சட்டம் இடம் கொடுக்கிறது.

ஆறு பெருகி ஓடும்போது நாய் விழுந்தால் பின்னால் குதிக்காதீர்கள். நாய் சற்றுத் தள்ளிக் கரையேறிவிட, காப்பாற்றக் குதித்தவர் மூழ்கிப்போன சம்பவங்கள் இந்த நாட்டில் நடந்திருக்கின்றன. 999ஐ அழைத்து, உள்நாட்டில் என்றால் தீயணைப்புப் படையையும் கடற்கரையில் என்றால் கரையோரக் காவலையும் கேளுங்கள்.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னால் திருப்பியதும் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். தீபாவளி வெடியும் நவம்பர் 5 வெடியும் கிட்டக்கிட்ட வருகின்றன. அந்த நாட்களில் வெளிச்சம் இருக்கும்போதே நடையை முடித்துவிடுங்கள். வெடிக்கு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய நாயை யாரோ எங்களிடம் கொண்டுவந்து தருவார்கள். மைக்ரோசிப் இருக்கும், 2016 முதல் இங்கிலாந்தில் அது கட்டாயம். அதை வாசித்து, பதிவிலுள்ள இலக்கத்துக்கு எடுத்தால் யாரோ முன்பின் தெரியாதவர் பேசுவார். வீடு மாறியபோது, தொலைபேசி மாற்றியபோது பதிவை மாற்றவில்லை. கிளினிக்குக்கு வரத் தேவையில்லை, சிப் பதிவு செய்த நிறுவனத்தின் இணையத்தளத்திலேயே மாற்றலாம்.