கிசாமா: வசவு இல்ல, வெறும் 'நீ'தான்

ஜப்பான் கார்ட்டூனான அனிமேக்கு தமிழ்ல சப்டைட்டில் போடுறவங்க 'கிசாமா' வர்ற இடத்துல எல்லாம் "முறைதவறிப் பிறந்தவனே"ன்னு போடுறாங்க, சிலர் அதையும் தாண்டி ஆத்தாளை இழுத்துடுறாங்க. பார்த்துப் பார்த்து வெறுத்துப்போச்சு. கிசாமால அப்பனும் இல்ல ஆத்தாளும் இல்ல, அது ஒரு முன்னிலைப் பெயர்.

'கி'ன்னா மேன்மையான, 'சாமா' பேருக்குப் பின்னாடி வர்ற மரியாதை ஒட்டு, சாதாரணமா எல்லார் பேருக்கும் போடுற 'சான்'ஐ விட ஒரு படி மேல. முதல்ல போர்வீரர் குடும்பத்துக் கடிதங்கள்ல 'தாங்கள்' மாதிரி எழுதுன சொல்லு, எடோ காலத்துல (1603–1868) பேச்சுக்கு இறங்கி, கண்டவங்களும் சொல்லித் தேய்ஞ்சு, கடைசில அவமரியாதையா ஆயிடுச்சு. 'நீ'ங்குறதுக்கு இருக்குற இன்னொரு சொல்லான 'ஒமாயே'வும் அப்படித்தான் விழுந்துச்சு. நம்ம 'நாற்றம்' நறுமணத்துல இருந்து இறங்குன மாதிரி.

வேரைப் பார்த்து 'மாண்பாளனே'ன்னு போடணும்னு சொல்ற தனித்தமிழ் அன்பர்களும் உண்டு. எனக்கும் தனித்தமிழ் மேல பிடிப்பு இருக்கு, ஆனா இன்னிக்கு கிசாமாவைக் கேக்குற ஜப்பான்காரர் யார் காதுலயும் அந்த மேன்மை விழாது, அப்புறம் நாம ஏன் அதைத் தோண்டி எடுக்கணும்?

'முறைதவறிப் பிறந்தவனே'தான் பெரிய கேடு. இது ஜப்பான்ல இருந்து வரல, இங்கிலீஷ் சப்டைட்டில்ல இருந்து வருது. இங்கிலீஷ்ல இன்னிக்கு எல்லாருக்கும் ஒரே 'யூ'தான், அதுல மரியாதையைக் குறைச்சுக் காட்ட வழியில்லாம அவங்க 'பாஸ்டர்ட்'னு ஒரு வசவைச் சேர்த்தாங்க, அது அவங்க மொழியோட கஷ்டம், அதை நாம எதுக்கு வாங்கித் தலையில வச்சுக்கணும்? ஜப்பான்ல ஒருத்தரை அவமானப்படுத்த கெட்ட வார்த்தையே தேவையில்ல, பேர்ல இருந்து 'சான்'ஐ எடுத்துட்டுக் கூப்பிட்டாலே சண்டை வரும், அதுக்கு 'யோபிசுத்தே'ன்னு பேரே இருக்கு. நம்ம ஊர்ல "என்னை ஏகவசனத்துல பேசிட்டான்"னு பஞ்சாயத்து வரைக்கும் போறோமே, அதே விஷயம்தான்! நீ, நீங்க, வாடா, வாங்கன்னு இவ்ளோ படி வச்சிருக்குற மொழிக்கு இங்கிலீஷ்காரன் ஒட்டுப்போட்ட துணியை ஏன் போர்த்தணும்.

"கிசாமா, நானிமோனோ தா"ன்னா "யார்றா நீ?" அவ்ளோதான். பொண்ணுகிட்டன்னா "யாருடி நீ?" தனியா "கிசாமா!"ன்னு கத்துனா "டேய்!" போதும், அந்தக் கோவம் முழுசா அதுல இருக்கு.

வினையோட ஒட்டுற 'யாகரு'வும் இதே பாடுதான் படுது. 'கித்தா'ன்னா வந்தான், 'கியாகத்தா'ன்னா வந்து தொலைஞ்சான். 'தொலை' அச்சு அசலா உக்காரும், ஆனா நம்மாளுங்க "அந்த நாசமாய்ப்போன ஆள் வந்துவிட்டான்"னு எழுதுறாங்க. ஜப்பான் மொழியும் கேக்குறதில்ல, தமிழும் யாரும் இப்படிப் பேசுறதில்ல, இங்கிலீஷ் வரியைப் பார்த்து ஒவ்வொரு சொல்லா மாத்துறதுக்குப் பேரு மொழிபெயர்ப்பா?

இன்னொண்ணு, கிசாமா எல்லா இடத்துலயும் அவமரியாதையும் கிடையாது. பழைய ஜப்பான் கடற்படையில கூடப் படிச்ச சம வயசு நண்பனையே கிசாமான்னுதான் கூப்பிட்டாங்க. போர்க் கதை ஒண்ணுல சாகப்போற நண்பனைப் பார்த்து இன்னொருத்தன் கிசாமாங்குறான்னு வைங்க, அங்க போய் 'முறைதவறிப் பிறந்தவனே'ன்னு போட்டா அந்தக் காட்சியே செத்துரும். அங்க 'நீ' போதும், மிஞ்சிப்போனா 'டேய்'.