கார்டு செருகியாயிற்று, கணினிக்கு ஏன் தெரியவில்லை?

புது நெட்வொர்க் கார்டையோ கிராபிக்ஸ் கார்டையோ மதர்போர்டில் செருகி, கேஸை மூடி, ஆன் செய்தால், விண்டோஸில் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் ஒன்றையும் காணோம். உடனே பலரும் டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, தேடிப் போகிறார்கள். ஒரு பதிப்பு, அப்புறம் இன்னொரு பதிப்பு, கடைசியில் விண்டோஸையே அழித்துப் போடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடிவிடும். ஆனால் டிரைவருக்கு வேலை வருவது கடைசியில்தான். அதற்கு முன்பு கார்டுக்கு மின்சாரம் கிடைக்க வேண்டும், மதர்போர்டுடன் மின்னிணைப்பு ஏற்பட வேண்டும், தன் அடையாள எண்ணை அது சொல்ல வேண்டும், அதற்கு முகவரி ஒதுக்கப்பட வேண்டும். இவ்வளவும் விண்டோஸ் எழுந்திருக்கும் முன்பே நடந்துவிடுகிறது. இதில் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

1981இல் வந்த ஐபிஎம் பிசியில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அதன் ஸ்லாட்டில் ஒரு கார்டு இருக்கிறதா என்று கேட்கப் பொதுவான வழி எதுவும் கிடையாது. கார்டிலுள்ள ஜம்பர்கள் எனும் சிறு இணைப்புத் துண்டுகளை நகர்த்தி முகவரியை நாமே குறித்து, அதே எண்ணை மென்பொருளிலும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து சவுண்ட் பிளாஸ்டர் ஒலி கார்டு வைத்திருந்தவர்களுக்கு 220 என்ற முகவரி எண் இன்றும் மறந்திருக்காது. 1992இல் இன்டெல் கொண்டுவந்த பிசிஐ இதை மாற்றியது. ஒவ்வொரு கார்டும் தன்னைப் பற்றிய குறிப்பை ஒரே மாதிரியான சிறு பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. இப்போது நம் கணினிகளில் இருக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் அந்த விதியை அப்படியே வைத்துக்கொண்டு, கம்பிகளை மட்டும் முற்றிலும் மாற்றிவிட்டது.

முதலில் மின்சாரம். பதினாறு தகவல் பாதைகள் கொண்ட பெரிய எக்ஸ்16 ஸ்லாட் ஒன்று கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்கு மேல் வேண்டுமானால் பவர் சப்ளையிலிருந்து தனி கேபிள் வர வேண்டும்: 6 முனைக் கேபிளுக்கு 75 வாட், 8 முனைக் கேபிளுக்கு 150 வாட் என்பது கணக்கு. அதைச் செருக மறந்தால் பல கிராபிக்ஸ் கார்டுகள் வாயே திறக்காது. 'ஃபேன் சுற்றுகிறதே, கார்டு நன்றாகத்தானே இருக்கிறது' என்ற வாதத்தை மட்டும் நம்பாதீர்கள். ஃபேனுக்கு 12 வோல்ட் போதும். சிப்புக்கு வேண்டியது கார்டிலேயே குறைத்துத் தயாராகும் ஒரு வோல்ட் அளவிலான மின்சாரம். அந்தச் சுற்று செத்துப்போயிருந்தாலும் ஃபேன் ஜோராகச் சுற்றும்.

அடுத்தது இணைப்பு. எதிர்முனையில் ஆள் இருக்கிறாரா என்பதை மதர்போர்டு தகவல் அனுப்பிக் கேட்பதில்லை. கம்பியில் மின்னழுத்தத்தைச் சட்டென்று கொஞ்சம் உயர்த்திவிட்டு, அது எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்க்கிறது. எதிரே உயிரோடு ஒரு சிப் இருந்தால் வழியிலுள்ள கெபாசிட்டர் அதன் வழியாக நிரம்ப வேண்டியிருக்கும், அதனால் ஏற்றம் மெதுவாக நடக்கும். எதிரே ஒன்றுமில்லை என்றால் சடாரென்று ஏறிவிடும். மின்சாரம் கிடைக்காத சிப்பும் இந்தச் சோதனையில் ஒன்றுமில்லாதது போலவே தெரியும். ஸ்லாட்டில் கார்டு கண்ணெதிரே இருந்தாலும் மதர்போர்டுக்கு அது காலி ஸ்லாட்தான்.

ஆள் இருப்பது தெரிந்ததும் இரு பக்கமும் ஒத்திகை பார்க்கின்றன. எவ்வளவு வேகமான கார்டாக இருந்தாலும் தொடக்கம் எப்போதும் மிகக் குறைந்த வேகத்தில்தான், அதாவது நொடிக்கு 250 கோடி சமிக்ஞைகள். அங்கே பேச்சு சரியாக நடந்தால்தான் வேகத்தைக் கூட்டும். பதினாறு பாதைகளில் சில சரியில்லை என்றால் எட்டு, நான்கு, ஒன்று என்று சுருக்கிக்கொண்டு சமாளிக்கும். இது நல்ல துப்பு. எக்ஸ்16 கார்டு எக்ஸ்1 ஆக மட்டும் ஓடுவதாக, கார்டின் விவரம் சொல்லும் ஜிபியு-இசட் மென்பொருள் காட்டினால், ஸ்லாட்டில் தூசியோ, கார்டு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்பதோ காரணமாக இருக்கலாம். முதல் பாதையே கெட்டிருந்தால் பெரும்பாலும் இணைப்பே பிறக்காது. ஆகவே கார்டைக் கழற்றி, முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, கிளிப் 'டக்' என்று விழும்வரை அழுத்திச் செருகுவது சும்மா ஒரு சடங்கு இல்லை. நம் ஊர் சர்வீஸ் கடைகளில் பென்சில் ரப்பரால் தேய்ப்பார்கள். அவசரத்துக்குப் பலன் தரும், ஆனால் அந்தத் தங்கப்பூச்சு மிக மெல்லியது. அடிக்கடி தேய்த்தால் பூச்சு போய் அடியிலுள்ள உலோகம் எட்டிப் பார்க்கும்.

கார்டை நிமிர்த்தி வைக்கப் பயன்படும் நீட்டிப்பு கேபிள்களிலும் ஒரு சிக்கல் உண்டு. பிசிஐ எக்ஸ்பிரஸின் மூன்றாம் தலைமுறைக்குச் செய்த கேபிளில் நான்காம் தலைமுறை கார்டு வேகத்தைக் கூட்ட முயன்று தடுமாறும். திரை கறுப்பாகவே நிற்கும். ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருளான பயாஸில் அந்த ஸ்லாட்டின் வேகத்தை மூன்றாம் தலைமுறைக்கு இறக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இணைப்பு சரி என்றால் கணக்கெடுப்பு தொடங்கும். பயாஸ் சாத்தியமான ஒவ்வொரு இடத்திலும் 'உன் எண் என்ன' என்று கேட்கிறது. கார்டின் பதிவேட்டில் முதல் பதினாறு பிட்டில் தயாரிப்பாளர் எண், அடுத்த பதினாறு பிட்டில் மாடல் எண். இன்டெலுக்கு 8086, அதன் புகழ்பெற்ற பழைய சிப்பின் பெயரே. ஏஎம்டி கிராபிக்ஸுக்கு 1002. அந்த இடத்தில் யாருமே இல்லையென்றால் பிழைச் செய்தி எதுவும் வராது, பதினாறு பிட்டும் 1 என்று வாசிக்கப்படும். அந்த எண் யாருக்கும் கொடுக்கப்படாமல் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்துபோன கார்டும் இப்படித்தான் 1, 1, 1 என்றே பதில் சொல்லும்.

இங்கே நேரமும் முக்கியம். ரீசெட் முடிந்து 100 மில்லிநொடிக்குப் பின் கேள்விகள் வரத் தொடங்கலாம், ஒரு நொடிக்குள் கார்டு ஒழுங்காகப் பதில் சொல்லும் நிலைக்கு வந்திருக்க வேண்டும். எஃப்பிஜிஏ எனப்படும், உட்சுற்றை மாற்றியமைக்கக்கூடிய சிப் வைத்த சில கார்டுகள் மின்சாரம் வந்த பிறகுதான் தங்கள் வடிவமைப்பை ஃபிளாஷ் நினைவகத்திலிருந்து ஏற்றிக்கொள்ளும். அது தாமதமானால் கணக்கெடுப்பு அவற்றைத் தாண்டிப் போய்விடும். இதற்கு ஓர் அழகான அடையாளம் உண்டு: முழுக்க அணைத்து ஆன் செய்தால் கார்டு தெரியாது, ரீஸ்டார்ட் செய்தால் தெரியும். ரீஸ்டார்ட்டில் மின்சாரம் நிற்பதில்லை, அதற்குள் கார்டு தயாராகிவிட்டிருக்கும்.

கார்டில் குறையே இல்லாமல் மதர்போர்டின் ஏற்பாட்டால் மறைந்துபோவதும் நிறைய. செயலியிலும் சிப்செட்டிலும் பாதைகள் அளவாகத்தான் இருக்கின்றன. அதனால் பல போர்டுகளில் ஒரு எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால், அதோடு பாதையைப் பகிரும் ஏதோ ஒரு பிசிஐ ஸ்லாட்டோ, டிஸ்க்குகளைச் செருகும் சாட்டா முனைகளோ அணைந்துவிடும். போர்டின் கையேட்டில் ஒரு மூலையில் அடிக்குறிப்பாக இருக்கும், யாரும் படிப்பதில்லை. நான்கு எஸ்எஸ்டிகளைத் தாங்கும் எளிய அடாப்டர் கார்டைப் போட்டு ஒன்று மட்டும் தெரிந்தால், பதினாறு பாதைகளை நான்கு நான்காகப் பிரிக்கும் அமைப்பு பயாஸில் ஆன் செய்யப்படவில்லை என்று அர்த்தம். சில போர்டுகளில் அந்த வசதியே கிடையாது.

அடையாளம் சொன்ன கார்டுக்கு நினைவக முகவரி வேண்டும். பயாஸ் கார்டின் ஒரு பதிவேட்டில் எல்லா பிட்டையும் 1 ஆக எழுதித் திரும்பப் படிக்கும். மாறாமல் 0 ஆகவே நிற்கும் கீழ்ப் பிட்டுகளை வைத்துக் கார்டு கேட்கும் இடத்தின் அளவு தெரிந்துவிடும். சர்வர்களுக்காகச் செய்த கணக்கீட்டு கார்டுகள் 16 ஜிபி, 32 ஜிபி என்று கேட்கும். 32 பிட் முகவரியின் எல்லையே 4 ஜிபிதான், அதில் எங்கே இடம் கொடுப்பது? பயாஸில் 'அபவ் 4ஜி டீகோடிங்' என்ற அமைப்பை ஆன் செய்ய வேண்டும். பழைய சர்வர் கார்டை மலிவாக வாங்கி வீட்டுக் கணினியில் போடுபவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது இங்கேதான். விண்டோஸ் இதை டிவைஸ் மேனேஜரில் கோடு 12 என்ற பிழை எண்ணாகக் காட்டும்.

எந்தப் படியில் அறுந்தது என்று அறிய, நிறுவாமலே ஓடும் லினக்ஸ் லைவ் யுஎஸ்பி ஒன்று போதும். அதில் பூட் செய்து டெர்மினலில் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளையை அடித்தால், பதில் சொன்ன அத்தனை கருவிகளும் வரிசையாக வரும். டிரைவர் இருக்கிறதா இல்லையா என்பதே இங்கே பொருட்டில்லை. பட்டியலில் கார்டு இல்லை என்றால் டிரைவரை மறந்துவிட்டு ஸ்லாட், கேபிள், பயாஸ் என்று போக வேண்டும். வேறு ஸ்லாட், முடிந்தால் வேறு கணினி. அங்கேயும் வராவிட்டால் வாரண்டி அட்டையைத் தேடலாம்.

பட்டியலில் இருந்தால் இப்போது டிரைவருக்கு நேரம் வந்துவிட்டது. டிவைஸ் மேனேஜரில் கோடு 28 என்றால் டிரைவர் நிறுவப்படவில்லை. கார்டின் பெயர் தெரியவில்லையா, டீடெயில்ஸ் பகுதியில் ஹார்ட்வேர் ஐடியைப் பாருங்கள். தயாரிப்பாளர் எண்ணும் மாடல் எண்ணும் அங்கே இருக்கும். பெட்டியில் அச்சிட்ட பெயரைவிட அந்த இரண்டு எண்களைத் தேடினால் சரியான டிரைவர் சீக்கிரம் கிடைக்கும். பெட்டி ஒரு நிறுவனத்துடையதாகவும் உள்ளே இருக்கும் சிப் இன்னொரு நிறுவனத்துடையதாகவும் இருப்பது நெட்வொர்க் கார்டுகளில் சர்வசாதாரணம்.