மிதாகாரமும் ஊண்சுருக்கமும்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் யோகம் கற்பவர்களிடம் 'மிதாகாரம்' என்றால் என்ன என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்கள் வரும். சைவ உணவு என்பார் ஒருவர். சாத்விக உணவு என்பார் இன்னொருவர். எடை குறைப்பதற்கான டயட் என்று மூன்றாமவர் முடித்துவிடுவார். மூன்றும் அந்தச் சொல்லுக்கு அக்கம்பக்கத்தில் குடியிருப்பவைதாம். ஆனால் எதுவும் அதன் வீட்டுக்குள் இல்லை.

மித, ஆஹார என்ற இரண்டு வடசொற்கள் சேர்ந்தது மிதாஹாரம். 'மா' என்ற வேருக்கு அளத்தல் என்று பொருள். அதிலிருந்து பிறந்த 'மித' என்பது அளக்கப்பட்டது, எல்லைக்கு உட்பட்டது. 'ஹ்ரு' என்றால் கொண்டுவருதல். 'ஆ' என்ற முன்னொட்டு சேர்ந்ததும் உள்ளே கொள்ளுதல் என்றாகி, உட்கொள்ளும் உணவையே குறிக்கத் தொடங்கியது. தமிழ் வாயில் ஹகரம் ககரமாகி மிதாகாரம் ஆயிற்று. இதில் ஒரு சிறு நட்டமும் உண்டு: உருவம் என்று பொருள்படும் ஆகாரமும் உணவு என்று பொருள்படும் ஆகாரமும் வடமொழியில் வேறு வேறு சொற்கள், நம் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

மிதம் நமக்குப் பழகிய சொல்தான். மிதமான சூடு என்கிறோம், மிதமிஞ்சிய செலவு என்கிறோம். 'மிதமிஞ்சி' என்னும்போது எதை மிஞ்சுகிறோமோ, அந்த எல்லைதான் இங்கும் மிதம். ஆகவே 'குறைவாகச் சாப்பிடுவது' என்பதைவிட 'எல்லையறிந்து சாப்பிடுவது' என்பதே மூலத்துக்கு நெருக்கம்.

யோகத்தின் முதல் படியான ஒழுக்க விதிகளுக்கு இயமம் என்று பெயர். பதஞ்சலியின் யோக சூத்திரம் சொல்லும் ஐந்து இயமங்களில் மிதாகாரம் இல்லை. இயமங்களைப் பத்தாக விரிக்கும் சாண்டில்ய உபநிடதம் போன்ற நூல்களில் அது இடம்பெறுகிறது. அதற்குத் தெளிவான வரையறை தருவது 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹட யோகப் பிரதீபிகை. நெய்ப்பும் இனிமையும் கூடிய உணவை, நான்கில் ஒரு பங்கை விட்டுவிட்டு, சிவனுக்கு உவப்பாக உண்பதே மிதாகாரம் என்கிறார் அதை எழுதிய சுவாத்மாராமர். சுவையைத் துறக்க அவர் சொல்லவில்லை. கோதுமை, அரிசி, பால், நெய், கற்கண்டு, தேன், சுக்கு என்று அவர் தரும் பட்டியலைப் பார்த்தால் விருந்துக்குச் சாமான் வாங்கப் போகிறாரோ என்று தோன்றும்.

விலக்க வேண்டியவை என்று அவர் சொல்பவைதாம் நம்மைத் திடுக்கிட வைக்கும். மீன், இறைச்சி, மது, பூண்டு ஆகியவற்றை யாரும் எதிர்பார்ப்பார்கள். கூடவே தயிர், மோர், கொள்ளு, எள், கடுகு, கீரை, பெருங்காயம், புளிப்பு, உறைப்பு எல்லாவற்றையும் அபத்தியம் என்று ஒதுக்குகிறார். மறுபடி சூடாக்கிய உணவும் கூடாது. கோலாலம்பூரில் 'சுத்த சைவம்' என்று பலகை மாட்டிய எந்தக் கடையின் சாம்பாரும் ரசமும் மோரும் இந்தச் சோதனையில் தேறாது. சைவம் வேறு, யோகியின் உணவு வேறு என்பதற்கு இந்த ஒரு பட்டியலே போதும். ஆனாலும் பட்டியல் தனி, வரையறை தனி. மிதாகாரத்தின் வரையறையில் வந்து நிற்பது, விட்டுவைத்த அந்தக் கால் பங்கு.

அதைப் பின்னால் வந்த கேரண்ட சம்கிதை வயிற்றின் கணக்காக்கிவிடுகிறது: பாதி வயிறு உணவு, கால் வயிறு நீர், மிச்சமுள்ள கால் வயிறு காற்று உலவுவதற்கு. இந்தப் பின்னங்களைக் கேட்டதும் மலேசியர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செபாரோ'. (இந்தச் சுக்கு சுவாத்மாராமரின் சுக்கு அன்று, மலாயில் கால் பங்கு. செபாரோ என்றால் பாதி.) தட்டில் கால் பங்கு சோறு போன்ற தானிய உணவு, கால் பங்கு மீன், கோழி, பருப்பு வகை, பாதி காய்கறியும் பழமும். இரண்டும் ஒன்றுதான், நம் முன்னோர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று யாராவது மேடையில் முழங்கினால் நம்பிவிடக் கூடாது. அமைச்சின் பின்னம் தட்டை நிரப்புவது பற்றியது; எந்தப் பங்கில் எது என்று சொல்கிறது. கேரண்டரின் பின்னம் வயிற்றை நிரப்பாமல் விடுவது பற்றியது. தட்டை மூன்றாகப் பிரித்து மூன்று முறை வாங்கி உண்டால் முதல் விதி அப்படியே இருக்கும், இரண்டாவது உடைந்துபோகும்.

சாத்விகம் என்ற சொல்லோடு வரும் குழப்பமும் இதே வகைதான். பகவத் கீதை 17ஆம் அத்தியாயத்தில் உணவைச் சாத்விகம், ராஜசம், தாமசம் என்று பிரிப்பது உணவின் தன்மையை வைத்து. அளவைப் பற்றி அது பேசுவது 6ஆம் அத்தியாயத்தில்: மிகுதியாக உண்பவனுக்கும் யோகம் இல்லை, அறவே உண்ணாதவனுக்கும் யோகம் இல்லை. சாத்விக உணவையே மிதமிஞ்சி உண்ண முடியும். வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் மூன்றாம் முறை சோறு வாங்கும் எவரையும் பார்த்தால் தெரியும்.

இனி, தமிழில் இதற்கு என்ன சொல்? 'மித உணவு' என்று சிலர் எழுதுகிறார்கள். பாதியை மட்டும் மொழிபெயர்த்த அரைகுறைச் சொல் அது. மிதக்கும் உணவோ என்றுகூட ஒரு கணம் மயங்க வைக்கும். புதிதாக ஆக்கத் தேவையே இல்லை. திருமூலரின் திருமந்திரத்தில், இயமத்துக்கு அடுத்த படியான நியமத்தைச் சொல்லும் பாட்டு 'தூய்மை அருளூண் சுருக்கம் பொறைசெவ்வை' என்று தொடங்குகிறது. அருளூண் என்பதை ஒரே சொல்லாகப் படித்துவிட்டுக் கடந்துபோகிறவர்கள் உண்டு. அருள், ஊண்சுருக்கம் என்று பிரித்தால் நாம் தேடிய சொல் அங்கே இருக்கிறது. வடமொழிப் பட்டியல்கள் இயமத்தில் வைத்ததைத் திருமூலர் நியமத்தில் வைக்கிறார். அதற்காக இயமத்தை அவர் உணவில்லாமல் விட்டுவிடவில்லை. அங்கே 'பகுந்துண்பான்' என்று வருகிறது. முதலில் பகிர்ந்து உண், பிறகு சுருக்கி உண் என்ற இந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்தது.

எழுத்தில் ஒரு எச்சரிக்கை. ஊண் என்றால் உணவு. உண் என்ற வினையிலிருந்து பிறந்தது. ஊன் என்றால் தசை, உடம்பு. 'ஊன்சுருக்கம்' என்று எழுதினால் உடம்பை இளைக்க வைப்பது என்றாகிவிடும். அது நாம் முதலில் பார்த்த மூன்றாமவரின் டயட். றன்னகரம் இடம் மாறி உட்கார்ந்தால் யோகம் உடற்பயிற்சிக் கூடமாகிவிடுகிறது.

திருவள்ளுவர் யோகம் என்று பேர் சொல்லாமலே இதற்கு வேண்டிய சொற்களை மருந்து அதிகாரத்தில் வைத்திருக்கிறார். 'அற்றால் அளவறிந்து உண்க' என்ற 943ஆம் குறளில் மிதாகாரம் முழுவதும் அடங்கிவிடும். முன்பு உண்டது செரித்த பின் என்ற நிபந்தனையும் கூடுதலாகக் கிடைக்கிறது. 945இல் வரும் 'மறுத்துண்ணின்' இன்னும் கூர்மை. மனம் கேட்கும் அளவுக்குப் போகாமல், உடம்பு தாங்கும் அளவில் நிறுத்தி உண்ணுவது. அடுத்த குறளில் பெருந்தீனிக்காரனைக் 'கழிபேர் இரையான்' என்கிறார். மனிதன் உண்பதை இரை என்று சொல்லிவிட்டாரே என்று யோசித்தால் வசவின் உறைப்பு தெரியும்.

மிதாகாரத்தின் எதிர்ச்சொல் அத்தியாகாரம். யோகத்தைக் கெடுக்கும் ஆறில் முதலாவதாகச் சுவாத்மாராமர் வைப்பது. அதற்கும் தமிழ் தயார்: மீதூண். 'மீதூண் விரும்பேல்' என்று ஆத்திசூடியில் எல்லோரும் படித்ததுதான். பினாங்கு நாசி கண்டார் கடையில் சோறு மூழ்கும்படி எல்லாக் குழம்பையும் ஊற்றச் சொல்லி 'பஞ்சிர்' என்று கேட்பார்களே, மலாயில் வெள்ளம் என்று பொருள், அதற்கு இதைவிடப் பொருத்தமான பழஞ்சொல் கிடைக்காது.

ஊண்சுருக்கம் என்ற சொல்லில் ஓர் உறுத்தல் இருப்பதை மறுக்க மாட்டேன். ஔவையின் பெயரில் வழங்கும் கொன்றை வேந்தன் 'உண்டி சுருங்குதல் பெண்டிர்க்கு அழகு' என்கிறது. யோகியின் ஒழுக்கத்தை வீட்டுப் பெண்கள்மேல் மட்டும் சுமத்தும் அந்த வரியை எத்தனை தாய்மார்கள் தட்டில் சுமந்தார்களோ! அரை வயிறு என்பதும் நம் பேச்சில் வறுமையின் சொல். இரப்பர் தோட்டங்களில் அரை வயிற்றோடு பால் வெட்டப் போனவர்களுக்கும், ஜப்பானியர் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று கிடந்தவர்களுக்கும் அது கட்டாயம். முழு வயிறு உண்ண வழியிருந்தும் கால் பங்கை விடுபவனுக்கே ஊண்சுருக்கம் பொருந்தும்.

இந்த இரண்டு பக்கத்தையும் நேரில் கண்ட ஒருவர் உண்டு. பத்தமடையில் 1887இல் பிறந்த குப்புசாமி என்ற மருத்துவர் 1913இல் மலாயாவுக்கு வந்து, சிரம்பானுக்கு அருகே தோட்ட மருத்துவமனையிலும் பிறகு ஜொகூர் பாருவிலும் பணியாற்றினார். 1923இல் திரும்பிப்போய் அடுத்த ஆண்டே ரிஷிகேசத்தில் துறவு ஏற்று சுவாமி சிவானந்தர் ஆனார். வயிற்றில் பாதி உணவு, கால் நீர், கால் வெற்றிடம் என்பதை அவர் தம் நூல்களில் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். பத்துமலையில் உள்ள சிவானந்த ஆசிரமம் அவர் நிறுவிய தெய்வ நெறிக் கழகத்தின் மலேசியக் கிளை.

விரதத்தோடும் இதைக் கலக்க வேண்டாம். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர் வாரக்கணக்கில் விரதம் இருக்கிறார். காணிக்கை செலுத்தியதும் அது முடிகிறது. ஊண்சுருக்கத்துக்கு முடிவு நாள் கிடையாது. உபவாசமும் வேறு, மலாய்க்காரர்களின் 'புவாசா' என்ற சொல்லே அந்த உபவாசத்திலிருந்து வந்ததுதான். பத்தியம் மருந்தோடும் பேறுகாலத்தோடும் சேர்ந்தது.

ஆகவே யோகம் பற்றி எழுதும்போது ஊண்சுருக்கம் என்றும், பொதுவான உடல்நலக் கட்டுரைகளில் அளவுணவு என்றும் எழுதலாம். நீரிழிவுக்காரருக்கு மருத்துவர் எழுதித் தருவது உணவுக் கட்டுப்பாடு. அங்கே இந்த இரண்டையும் போட வேண்டாம், அவர் கால் பங்கை விட்டுவிட்டு ஊசி மருந்தை மட்டும் முழுதாகப் போட்டுக்கொள்வது ஆபத்து.